நான்கு மணிக்கே இருட்டும் ஊர்களில் வரும் மனச்சோர்வு

ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும், கனடாவிலும் அமெரிக்காவிலும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துகிறார்கள். மறுநாள் வேலை முடிந்து வெளியே வருகிறவருக்கு வெள்ளிக்கிழமை வரை இருந்த பகல் காணாமல் போயிருக்கும். பருவகால மனச்சோர்வு பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் இந்த வாரத்தில்தான் தலைகாட்டுகின்றன. கூடவே விளக்கு விளம்பரமும் வைட்டமின் விளம்பரமும் வரும்.

செய்தியில் உண்மை இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து மனச்சோர்வு என்று கண்டறியப்பட்ட 1,85,419 பதிவுகளை எடுத்து ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. இலையுதிர்காலத்தில் கடிகாரம் மாறியதை அடுத்து அந்தப் பதிவுகள் வழக்கத்தைவிட 11 சதவீதம் கூடியிருந்தன. வசந்தத்தில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை.

லண்டன், டொரன்டோ, ஒஸ்லோ என்று குடியேறிய தமிழர்கள் இந்தச் சோர்வைக் குளிரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். "இந்தக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் குளிர் இதில் முக்கியக் குற்றவாளி இல்லை. குறைந்துபோன வெளிச்சம்தான் குற்றவாளி. ஆளை மாற்றிப் பிடிப்பதால் தற்காப்பும் தவறாகிறது. குளிருக்குப் பயந்து கதவையும் திரையையும் மூடிக்கொண்டு உள்ளே இருக்கிறோம். மிச்சமிருந்த கொஞ்ச வெளிச்சமும் அதோடு போய்விடுகிறது.

சொல்லுக்குப் பொருள்

மனச்சோர்வு என்பது ஒரு நாள் மனம் சரியில்லாமல் இருப்பது அல்ல. குறைந்தது இரண்டு வாரங்கள், நாளின் பெரும்பகுதி, எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கவனமும் குலைந்து, வேலையையோ வீட்டையோ நடத்த முடியாமல் போகும் நிலைக்குத்தான் மருத்துவத்தில் அந்தப் பெயர். அதே நிலை ஒரு குறிப்பிட்ட பருவத்தில் வந்து இன்னொரு பருவத்தில் விலகுமானால் அது பருவகால மனச்சோர்வு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக எண்ணுவதில்லை. மனச்சோர்வு நோயின் ஒரு போக்காகவே வகைப்படுத்துகிறது. அது கேட்கும் சான்றுகள் இவை:

1. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது அதே பருவத்தில் வந்து, அடுத்த பருவத்தில் முழுமையாக நீங்கியிருக்க வேண்டும்.

2. அந்த இரண்டு ஆண்டுகளில் வேறு பருவத்தில் மனச்சோர்வு வந்திருக்கக் கூடாது. வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் பருவத்தோடு ஒட்டி வந்தவையே கூடுதலாக இருக்க வேண்டும்.

3. வெளிப்படையான வேறு காரணம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் கட்டட வேலை நின்று வருமானம் போகிறவர் மனம் ஒடிவதற்குக் காரணம் வருமானம் போவது. அவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

குளிர்காலத்தில் வருவதற்குத் தனி முகம் உண்டு. மனச்சோர்வு என்றாலே தூக்கமும் பசியும் போய்விடும் என்று நினைக்கிறோம். இங்கே பெரும்பாலும் தலைகீழ். பத்து மணி நேரம் தூங்கியும் எழ முடியாது. சோறு, ரொட்டி, இனிப்பு என்று மாவுப் பண்டங்களைத் தேடித் தேடிச் சாப்பிடத் தோன்றும், எடை ஏறும். கைகால் ஈயம்போல் கனக்கும். ஆட்களைப் பார்க்கவே பிடிக்காது. தூக்கமும் பசியும் நன்றாகவே இருப்பதால் இதை நோய் என்று யாரும் சந்தேகிப்பதில்லை. சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கோடையில் வரும் வகையும் உண்டு. அது அரிது. அதில் தூக்கமின்மையும் பசியின்மையும் எரிச்சலும் முன்னால் நிற்கும்.

குளிரைப் பாராமல் பகலை எண்ணுவோம்

டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டி வரும் மிகக் குறுகிய பகல் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். சென்னையில் அதைவிடச் சில நிமிடம் குறைவு. டொரன்டோவில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் எட்டு மணி நேரம்கூட இல்லை. மாலை நான்கு அடிக்குமுன் சூரியன் மறைந்துவிடும். ஒஸ்லோவில் ஆறு மணி நேரம். நார்வேயின் வடபகுதியில் உள்ள ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மலைகள் மறைப்பதால் ஊர்க்காரர்கள் ஜனவரி 21ஆம் தேதியைத்தான் சூரியன் திரும்பும் நாளாக வைத்து இனிப்பு ரொட்டி தின்று கொண்டாடுகிறார்கள். 1980களிலும் 90களிலும் இலங்கைத் தமிழர் பலர் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போன ஃபின்மார்க், ட்ரொம்சோவுக்கும் வடக்கே இருக்கிறது.

பகலின் நீளம் பாதிக் கதை. மீதி, வெளிச்சத்தின் அளவு. அதை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். வெயில் காயும் நண்பகலில் திறந்தவெளியில் 50,000 முதல் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே சில ஆயிரம் கிடைக்கும். விளக்கு போட்ட அலுவலகத்தில் 300 முதல் 500. வீட்டுக் கூடத்தில் மாலை வேளையில் நூறை ஒட்டித்தான். நம் கண் இருட்டுக்கேற்பப் பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. "வீட்டில்தான் எல்லா லைட்டும் போட்டிருக்கிறேனே" என்பவர், மூடம் போட்ட வானத்தின் கீழ் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கைக்கூடப் பெறாமல் இருக்கலாம்.

டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காலை ஆறு மணிக்கு இருட்டோடு கிளம்பி, சன்னல் இல்லாத கிடங்கில் வேலை செய்துவிட்டு, ஐந்து மணி இருட்டில் திரும்புகிறவரை எண்ணிப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் பகலையே பார்ப்பதில்லை. ஊர் டொரன்டோதான் என்றாலும் அவருடைய கண்களுக்கு அது ட்ரொம்சோ. இரவு வேலை பார்க்கும் பெட்ரோல் நிலைய ஊழியருக்கும், கைக்குழந்தையோடு வீட்டுக்குள் அடைபட்ட தாய்க்கும், பனியில் வழுக்கிவிழப் பயந்து வெளியே இறங்காத தாத்தா பாட்டிக்கும் இதே கணக்குத்தான்.

கண்ணிலிருந்து மூளைக்கு

இதை முதலில் முறையாக விவரித்தவர் நார்மன் ரோசன்தால். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குப் போன மனநல மருத்துவர். வெயில் ஊரிலிருந்து வந்தவருக்குக் குளிர்காலந்தோறும் தன் சுறுசுறுப்பு குறைவது தெரிந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் அவரும் தாமஸ் வேர், ஆல்ஃபிரட் லூயி முதலிய சகாக்களும் 29 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1984இல் வெளியானது. நோய்க்குப் பெயர் வைத்ததும் ஒளிச் சிகிச்சையின் முதல் முடிவுகளைச் சொன்னதும் அந்தக் கட்டுரைதான். குளிர்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இயல்பென்று பட்டது, வெளியிலிருந்து வந்த ஒருவர் கண்ணுக்கு விநோதமாகப் பட்டிருக்கிறது.

அதற்கு முன்பே 1980இல் லூயி ஒன்றைக் காட்டியிருந்தார். இரவில் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. உடலுக்கு அது "இது இரவு" என்ற அறிவிப்பு. 2,500 லக்ஸ் வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தச் சுரப்பு அடங்குகிறது. 500 லக்ஸுக்கு அப்படி அடங்கவில்லை. பார்ப்பதற்குப் போதுமான வெளிச்சம் வேறு, உடலுக்குப் பகல் என்று உணர்த்தும் வெளிச்சம் வேறு.

பிறகு விழித்திரையிலேயே இதற்கென்று தனி உயிரணுக்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி உண்டு. உருவங்களைக் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை அல்ல. நீல ஒளியை உணர்ந்து, மூளையின் அடியில் இருக்கும் உயிரியல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. பார்வையே இல்லாதவர்கள் சிலருக்கும் கண்ணில் வெளிச்சம் பட்டபோது மெலடோனின் குறைந்ததை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதிலிருந்து மனச்சோர்வு எப்படி வருகிறது என்பதில் ஒரே விடை இல்லை. இரண்டு விளக்கங்கள் முன்னிற்கின்றன.

1. கடிகாரம் பிந்துகிறது. குளிர்காலத்தில் விடியல் தள்ளிப்போவதால் உடலின் கடிகாரமும் தள்ளிப்போகிறது. அலாரம் ஏழு மணி என்கிறது, உடம்பு இன்னும் விடியவில்லை என்கிறது. காலை வெளிச்சம் பலருக்கு ஏன் அதிகம் உதவுகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

2. செரட்டோனின் குறைகிறது. மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள் இது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 101 நலமான ஆண்களின் கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து அளந்ததில், மூளையில் செரட்டோனின் பயன்பாடு குளிர்காலத்தில்தான் மிகக் குறைவாக இருந்தது. அன்றைய வெயில் எவ்வளவு நேரம் அடித்ததோ அதற்கேற்ப அது ஏறியது. 2002இல் வெளியான இந்த முடிவு நோயாளிகளைப் பற்றியது அல்ல, நலமானவர்களைப் பற்றியது. சிலருக்கு மட்டும் அந்த இறக்கம் ஏன் நோயாகிறது என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு. ஆண்களைவிடப் பெண்களிடம் இது பல மடங்கு கூடுதலாகத் தென்படுகிறது.

வடக்கே போகப்போக நோய் கூடும் என்று சொல்லிவிட முடியுமா? அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வு தெற்கே ஃபுளோரிடாவில் 1.4 சதவீதம், வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் 9.7 சதவீதம் என்று கண்டது. ஐஸ்லாந்து இந்தக் கணக்கில் மண்ணைப் போட்டது. அவ்வளவு வடக்கே இருந்தும் அங்கே 3.8 சதவீதம்தான். தலைமுறைகளாக அந்த இருட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஏதோ ஒரு தாங்குதிறன் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இப்படி ஒரு நோய் உண்மையில் இருக்கிறதா?

இந்தக் கேள்வி அவ்வப்போது தலைப்புச் செய்தியாகிறது. 2016இல் ஸ்டீவன் லோபெல்லோவும் சகாக்களும் அமெரிக்காவில் 34,294 பேர் அளித்த விடைகளை ஆராய்ந்து, மனச்சோர்வின் அளவுக்கும் பருவம், பகல் நீளம், ஊரின் அட்சரேகை ஆகியவற்றுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். "பருவகால மனச்சோர்வு பொய்" என்று அதைச் சுருக்கிவிட்டார்கள்.

அந்த ஆய்வு பார்த்தது மக்கள்தொகை முழுவதன் சராசரியை. நூறில் சிலருக்கு மட்டும் குளிர்காலத்தில் வரும் நோய், முப்பதாயிரம் பேரின் சராசரியில் கரைந்துவிடக்கூடும். அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வும் அல்ல அது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. "குளிர்காலத்தில் மந்தமாக இருக்கிறீர்களா?" என்று கேட்கும் வினாத்தாள்கள் நோயை மிகைப்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்குவதும் சாப்பிடுவதும் நோய் அல்ல. வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளையோடு பேச முடியவில்லை, சாவைப் பற்றி நினைப்பு வருகிறது என்னும்போதுதான் அது நோய். வினாத்தாளின் எண்ணைவிட அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எது உதவும்

ஒளிச் சிகிச்சை. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன், காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், ஏறத்தாழ 30 நிமிடம் உட்கார வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. தேநீர் குடிக்கலாம், படிக்கலாம். ஒன்று இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். கனடாவில் நான்கு மையங்களில் 96 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில், இந்த விளக்கும் ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் சமமாகவே பலன் தந்தன: இரு பக்கமும் 67 சதவீதம் பேருக்கு. எல்லா நாட்டு மருத்துவ வழிகாட்டிகளும் இதே உற்சாகத்தோடு பேசுவதில்லை. பிரிட்டனின் வழிகாட்டி, சான்று உறுதியாக இல்லை என்றே எழுதியிருக்கிறது.

விளக்கு வாங்குகிறவர் விளம்பரத்தில் உள்ள 10,000 என்ற எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அந்த அளவு எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவு விளக்குகள் சிலவற்றில் முகத்தை அதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும். நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் அந்த அளவு தருவதாகவும், புற ஊதாக் கதிரைத் தடுப்பதாகவும் இருக்க வேண்டும். தோலைக் கறுக்கவைக்கும் சூரியக் குளியல் விளக்கு இதற்கு மாற்று இல்லை. அது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

மருத்துவரைக் கேட்காமல் விளக்கைத் தொடக் கூடாதவர்கள்:

1. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், வேறு விழித்திரை நோய் உள்ளவர்கள். தெற்காசியரிடையே நீரிழிவு அதிகம் என்பதால் நம்மவர்களுக்கு இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை அல்ல.

2. இருமுனைக் கோளாறு உள்ளவர்கள். பிரகாசமான ஒளி சிலரை மனச்சோர்விலிருந்து மறுமுனைக்கு, கட்டுக்கடங்காத எழுச்சிக்குத் தள்ளிவிடும்.

3. ஒளியால் தோல், கண் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்துகளை உண்பவர்கள். சில நுண்ணுயிர்க்கொல்லிகள் இதில் சேரும். மூலிகைதானே என்று கடையில் வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் சேரும். அது கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேலையையும் கெடுக்கும்.

பேச்சுச் சிகிச்சை. "குளிர்காலம் என்றாலே எனக்கு முடிந்தது" என்ற எண்ணத்தையும், அதனால் வீட்டுக்குள் ஒடுங்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி இது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் 177 பேரிடம் இதையும் விளக்கையும் ஒப்பிட்டார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்கால் சிகிச்சை பெற்றவர்களில் 45.6 சதவீதம் பேருக்கும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27.3 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே: கற்றுக்கொண்டது கூடவே இருக்கிறது; விளக்கோ ஒவ்வோர் ஆண்டும் எடுத்து வைத்தால்தான் உண்டு.

மாத்திரை. வழக்கமான மனச்சோர்வு மருந்துகளே இதற்கும். புப்ரோபியான் என்ற மருந்தின் நீண்ட நேரம் செயல்படும் வடிவத்துக்கு, பருவகால மனச்சோர்வு வராமல் தடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2006இல் அனுமதி தந்தது. இலையுதிர்காலத்தில், அறிகுறி தலைகாட்டுமுன் தொடங்குவது இதன் முறை. எந்த மாதம் வரும் என்று நாள் குறித்துச் சொல்லக்கூடிய மனநோய்கள் மிகக் குறைவு; அந்த ஒரு வசதி இங்கே இருக்கிறது.

வைட்டமின் டி. கறுத்த தோல் அதை மெதுவாகவே உண்டாக்கும் என்பதால் பிரிட்டனில் கறுப்பு, தெற்காசியத் தோல் நிறமுள்ளவர்களை ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். எலும்புக்கு அது தேவை, எடுக்கலாம். மனச்சோர்வை அது தீர்க்கும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. மாத்திரைப் புட்டியை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

நடை. மதிய இடைவேளையில் அரை மணி வெளியே நடப்பதற்குக் காசு இல்லை. மேகம் மூடியிருந்தாலும் நடக்கலாம். தரையில் பனி கிடந்தால் அது வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புவதால் இன்னும் நல்லது. சூரியனை மலை மறைக்கும் ரியூகன் என்ற நார்வே ஊர்க்காரர்கள், 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். நம் வீட்டில் அதற்கு ஈடான காரியம், பகலில் சன்னல் திரையை விலக்கி நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போடுவது.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

நம் பேச்சில் மனநோய்க்கு மரியாதையான இடம் இல்லை. "விசர்" (பைத்தியம்) என்ற ஒற்றைச் சொல் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேரை மருத்துவர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கும் என்று கணக்கெடுக்க முடியாது. அதனால் சோர்வு, அலுப்பு, உடம்பு வலி, தலையிடி என்று உடம்பின் மொழியில் சொல்கிறோம். மருத்துவரும் உடம்பை மட்டும் பார்த்து, வலிக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்.

தொடங்க வேண்டிய இடம் குடும்ப மருத்துவர்தான். பத்து நிமிடச் சந்திப்பில் சொல்ல வேண்டியவை:

1. எந்த மாதம் தொடங்குகிறது, எந்த மாதம் விடுகிறது, எத்தனை ஆண்டுகளாக. இந்த ஒரு வரி இல்லாமல் எந்த மருத்துவராலும் பருவப் போக்கைக் கண்டுபிடிக்க முடியாது.

2. தூக்கம், பசி, எடை எப்படி மாறின.

3. எதைச் செய்ய முடியாமல் போனது. "கவலையாக இருக்கிறது" என்பதைவிட "மூன்று வாரமாகச் சமைக்கவில்லை, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை" என்பது மருத்துவருக்குத் தெளிவாகப் புரியும்.

4. எப்போதாவது இதற்கு நேர்மாறாக, தூக்கமே வேண்டாமல் அளவுக்கு மீறிய துள்ளலில் இருந்ததுண்டா.

5. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

தைராய்டுக் குறைவு, ரத்தசோகை, நீரிழிவு ஆகியவையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்பது தவறல்ல. மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைப்பது மட்டும் வேண்டாம். "சாகத் தோன்றுகிறது" என்பதை எந்தத் தாயும் தன் பன்னிரண்டு வயது மகள் வாயால் சொல்ல வைக்க மாட்டாள், அந்த வாக்கியம் விழுங்கப்பட்டுவிடும். குழந்தைகளை இப்படிப் பயன்படுத்துவதை நார்வேயில் 2022 முதல் நடப்பிலுள்ள சட்டமே பொதுவாகத் தடுக்கிறது. இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்கு மருத்துவரின் கடிதம் இல்லாமலேயே தேசிய நலச் சேவையில் நேரடியாகப் பெயர் கொடுக்கலாம்.

தற்கொலை எண்ணம் வந்தால் மருத்துவரின் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 988, பிரிட்டனிலும் நார்வேயிலும் 116 123 என்ற எண்களில் பேச ஆள் கிடைப்பார். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பிரிட்டனில் 999, நார்வேயில் 113, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911.

வெளிச்சம் திரும்பும்போது

தற்கொலைகள் கூடுதலாக நடப்பது கும்மிருட்டான டிசம்பரில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல நாடுகளின் புள்ளிவிவரங்களில் அவை உச்சம் தொடுவது வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான். மனம் தெளியுமுன் உடம்புக்குத் தெம்பு திரும்பிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே மார்ச் மாதத்தில் முதல் வெயில் அடித்ததும் விளக்கைக் கட்டிப் பரணில் போடுவதும், மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் கூடாது. நல்ல தூக்கமும் பழைய உற்சாகமும் சில வாரம் நிலைத்த பிறகு, மருத்துவரோடு பேசி, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குறைத்து முடித்த அன்றைக்கே செப்டம்பர் கடைசியில் ஒரு நாளுக்கு மருத்துவரின் சந்திப்பைப் பதிவு செய்துவிடலாம். ஜனவரியில் தொலைபேசியை எடுக்கவே கை வராது.